கொட்டகையும் வெண்திரையும்: கே. பி. சுந்தராம்பாளை நாம் மதித்த வகை

திருவிழாக் காலங்களில் நம்மவர் ஊர்களிலுள்ள முருகன் கோயில்களிலே, பொழுது புலரு முன்னரே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எழும். அக்குரலைக் கேளாத இந்து மாணவன் ஒருவன் இந்நாட்டில் இருத்தல் அரிது. ஓங்கி ஒலிப்பினும் உடையாத குரல். உச்சத்திலே நின்றுகொண்டும் ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக உதிர்க்குங் குரல். அது யாருடையது என்று கீழ் வகுப்பு மாணவனைக் கேட்டால் "சாமிப் பாட்டுப் பாடும் அம்மா" என்பான். பழைய மாணவர்களுள் முதியோரைக் கேட்டால் "ஒளவையார்" என்பர். இரண்டும் அன்பினாற் பிறந்த விடைகளே. ஆயினும் இரண்டிலும் ஒரு குறை உண்டு. கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்னும் அவ்வம்மையார் ஒரு நடிகை என்பதை இரண்டு விடைகளும் மறைத்துவிடுகின்றன.

இம்மலரிலே சமயத்தையும் கல்வியையும் பற்றி அறிஞர் பலர் எழுதுவர். நாம் நாடகக் கொட்டகையைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இதுவே. சுந்தராம்பாளைத் தமிழுலகம் மதியாமல் விட்டது என்று எவருஞ் சொல்ல முடியாது. பட்டமும் பதவியும் பணமும் அவரைத் தேடி வந்தன. ஆனால் அவரைத் தெய்வத்தன்மை பொருந்தியவராகப் போற்றுவதிலே காட்டிய ஊக்கத்தை, அவருடைய தொழிலை மதிப்பதிலே நாம் காட்டவில்லை. பீடத்தில் ஏற்றிவைத்தோம்; பீடத்தில் இருப்பவருக்கு வேறு வேலை கொடுப்பார் இல்லை. அதனால் நாம் இழந்தது எவ்வளவு என்பதே இங்கு எமது ஆராய்ச்சி.

அம்மையார் 1908 ஆம் ஆண்டிலே, கொங்கு நாட்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துக்கள் இரண்டில் ஒன்று ஊரையும் மற்றது தாயையுங் குறிப்பன. வறுமை காரணமாகச் சிறு பிராயத்திலே இரயில் வண்டியிற் பாடிப் பொருள் ஈட்டியவர் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பின்னர் வேலு நாயரின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்திலே பசியால் வாடும் ஆண் பிள்ளையாக வேடந் தாங்கினார். பசியை நடித்துக் காட்டுவதற்கு அக்குழந்தைக்கு ஆசிரியர் எவருந் தேவைப்பட்டிரார்.

அக்காலத்து நாடகக் கம்பெனி என்பது ஒரு கல்லூரியே. அங்கு விடுமுறை குறைவு, அடி அதிகம், பாடம் முழுவதும் மனனம். சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் எழுதிய நாடகங்களின் பாட்டுக்கள் நூற்றுக்கணக்கில் நாவிலே நிற்க வேண்டும். நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையிலே தரையில் இருப்பவனும் அரையணாவோ ஓரணாவோ கொடுத்தவனே. அவன் காதில் சொல் விழாவிட்டால் கூச்சலிடுவான், விழுந்து அது பிடித்திருந்தால் மறுமுறை பாடச் சொல்லிக் கூச்சலிடுவான். ஆகவே சுருதியை மேலே வைத்துப் பாடினர். மேற் சுருதியிலே உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து மறையும். மெய்யெழுத்தை மறையவிடாமற் பாடுவதே அம்மேடையின் வித்தை. இன்று அம்மையாரின் பாட்டைக் கேட்டு, "என்ன தமிழ் உச்சரிப்பு!" என்று வியப்போர், அது பிறவியில் வந்த வரம் என்று கொள்கின்றனர். அது கடைசி வரிசைக்காரனுக்கு அஞ்சி, ஆண்டுக்கணக்காய்ப் பழகி வந்த பயன் என்று கொள்வதே அவருடைய உழைப்புக்கு நாம் செய்யும் நீதியாகும்.

நடிப்பும் அவ்வாறே. வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் புரியும் தருக்கத்தைப் பழைய இரசிகர் அறிவர். எழுதிவைத்த உரையாடல் சிறிது. மேடையிலே அவ்வப்போது முளைப்பது பெரிது. எதிரே நிற்பவர் எந்தக் கேள்வியை எந்த இராகத்தில் விடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. அவருடைய ஊரும் கம்பெனியும் வேறாக இருக்கலாம். அன்று மாலையிலேதான் முதன்முறை சந்தித்திருக்கவுங்கூடும். இவ்வகையை 'ஸ்பெஷல் நாடகம்' என்றனர். யாழ்ப்பாணத்திலே தகரக் கொட்டகைகளில் இந்தியக் குழுவினர் நடத்திய 'டிறாமா' என்பதும் இதுவே. குரலும் வேண்டும், சமயோசித புத்தியும் வேண்டும், எதிராளியை விழவும் விடாமல் வெல்லவும் விடாமல் நிறுத்தும் நிதானமும் வேண்டும்.

அத்தகைய சந்திப்பு ஒன்று 1926 ஆம் ஆண்டிலே கொழும்பில் நிகழ்ந்தது. செங்கோட்டையிற் பிறந்து, கன்னையா கம்பெனியிற் பேர் பெற்று, இருபது வயதிற்குள் தமிழ் மேடை முழுவதையும் தன்வசமாக்கியிருந்த எஸ். ஜி. கிட்டப்பா கடல் கடந்து வந்தார். சுந்தராம்பாள் ஏற்கெனவே இங்கு நடித்துக் கொண்டிருந்தார். கிட்டப்பாவுடன் ஒரே மேடையிற் பாடுவது பேரை இழப்பதற்கு வழி என்று அவருக்கு எச்சரிக்கை செய்தோரும் இருந்தனராம். அவர் பின்வாங்கவில்லை. கொழும்பிலே இருவருஞ் சேர்ந்து பாடிய அந்த ஆட்டங்களின் பின்னர் தமிழ்நாட்டிலே அவ்விருவரையும் பிரித்து நினைப்பார் இல்லாமற் போயினர். நம் நாட்டுத் தமிழர் தம் கலை வரலாற்றிலே பெருமையுடன் எழுதிவைக்க வேண்டிய செய்தி இது. எத்தனையோ சில்லறை வரவேற்புக்களை எழுதி வைத்திருக்கிறோம். இதனை நினைப்போர் சிலரே.

ஏன்? படித்த நம்மவர் அந்தக் கொட்டகைகளுக்குப் போனதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவி, உத்தியோகம் பார்ப்போரும் வழக்கறிஞரும் மேடையேறலாம் என்னும் நிலைமையை உண்டாக்கினார். அவ்வழியில் நின்று கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் இலங்கையிலே லங்கா சுபோத விலாச சபையின் மூலம் ஆற்றிய தொண்டு பெரிது. அதனை நாம் சிறிதுங் குறைத்துச் சொல்லோம். நமது கல்லூரி மேடைகளில் வசன நாடகம் வேரூன்றியதும் அவ்வழியினாலேயே. ஆயினும் நாடகத்தை மதிப்புக்குரியதாக்கும் அம்முயற்சியிலே, பாடிப் பிழைத்த நடிகரை மதிப்புக்குப் புறம்பானவராக ஒதுக்கும் மனப்பான்மையுஞ் சேர்ந்தே வளர்ந்தது. கூத்தாடி என்னுஞ் சொல்லை வசைச் சொல்லாக வழங்கியவர் பாமரர் அல்லர்; நாமே. பிற்காலத்தில் நடிகமணி வைரமுத்து அவர்கள் வசந்தகான சபாவைக் கொண்டு அரிச்சந்திரனை ஊரூராகப் பாடி நம் கண்ணைத் திறக்கவேண்டி நேர்ந்தது.

கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆயினும் சுந்தராம்பாளை மணந்துகொண்டார். அவ்வாழ்க்கையில் இன்பத்தினுந் துன்பமே மிகுந்திருந்தது என்பதற்குப் பின்னாளில் அச்சேறிய அம்மையாரின் கடிதங்களே சான்று. அதனை இங்கு விரித்தல் வேண்டா. 1933 டிசெம்பர் 2 ஆம் நாள், இருபத்தேழே வயதில், கிட்டப்பா காலமானார். பேசும் படம் தமிழில் 1931 இலேயே தோன்றிவிட்டதாயினும் அவர் முகம் படத்தில் ஏறவே இல்லை. இசைத்தட்டுக்களிலே குரல் மாத்திரம் எஞ்சிற்று. இருபத்தைந்து வயதுடைய சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். இனி எந்த ஆடவருக்குஞ் சோடியாக நடிப்பதில்லை என்று நோன்பு பூண்டார். அந்த நோன்பை இறுதிவரை காத்தார்.

இங்கேதான் அவருடைய வெண்திரை வாழ்வு தொடங்குகின்றது. தொடங்கும்போதே ஒரு முட்டுக்கட்டையுடன் தொடங்குகின்றது. 1935 இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க அவருக்கு ஓர் இலட்சம் ரூபா கொடுத்தனர். அக்காலத்திலே அது கேட்டவர் மூச்சை நிறுத்திய தொகை. சோடி சேராமல் நடிப்பதற்கு வழி, ஆண் வேடமே தாங்குவது. நந்தனார் வேடம் சுந்தராம்பாளுக்கு. வேதியர் வேடம் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயருக்கு. பாட்டுக்குக் குறைவில்லை. படமோ எடுபடவில்லை. கல்கி அவர்கள் எழுதிய விமரிசனத்திலே, அப்படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுமே என்னுங் கருத்துப்பட எழுதினார். நகைச்சுவை கூரியது, இன்றும் அதை எடுத்துச் சொல்லிச் சிரிப்போர் உளர். ஆனால் சிரித்து முடிந்தபின் காரணத்தை ஆராய்ந்தோர் குறைவு.

நாம் காணுங் காரணம் இது. பெண் ஆண் வேடந் தாங்குவதும் ஆண் பெண் வேடந் தாங்குவதும் மேடையிலே எவரையும் உறுத்துவதில்லை. தூரத்திலே விளக்கொளியில் நிற்கும் உருவத்தை இரசிகன் தன் கற்பனையால் நிறைவு செய்துகொள்வான். பாட்டு அவனுக்குத் துணை நிற்கும். ரி. கே. சண்முகம் ஒளவைப் பாட்டியாகத் தோன்றி அப்பெயரையே தம் பெயருக்கு முன்னே பெற்றது மேடையின் இவ்வியல்பினாலேயே. காமிராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அது முகத்தருகே வந்து நிற்கும். கன்னத்தின் மென்மையையும் கழுத்தின் வடிவையும் காட்டிக்கொடுத்துவிடும். அன்றியும் அந்நாளிலே நடிப்பும் பாட்டும் ஒரே வேளையிற் பதிவாயின. வாத்தியக்காரர் காமிராவின் கண்ணுக்குப் படாத இடத்திலே ஒதுங்கியிருந்து வாசிப்பர். பாடுபவர் ஒலிவாங்கியை விட்டு முகத்தைத் திருப்பினாற் குரல் தேயும். கொட்டகை முழுவதையும் சுற்றிப் பார்த்துப் பாடிப் பழகிய ஒருவரை ஓரடி இடத்திலே கட்டிப்போட்டால் பனைமரம் வெல்லாமல் என்ன செய்யும்? ஏழு ஆண்டு கழித்து, 1942 இல், அதே கதையை ஜெமினியார் தண்டபாணி தேசிகரைக் கொண்டு எடுத்து வெற்றி கண்டனர். கதையிலே குற்றமில்லை, பாட்டிலுங் குற்றமில்லை, வேடப் பொருத்தத்திலேயே குற்றம் என்பது அதனால் விளங்கும்.

1940 இல் வந்த 'மணிமேகலை' துறவியின் கதை. அதுவும் பெரும்பேர் பெறவில்லை. இடையிலே அம்மையார் கச்சேரி மேடையிலும் காங்கிரஸ் மேடையிலும் பாடினார். தேசியப் பாடல்களை அவர் பாடியதனாற் கூடிய கூட்டத்தைக் கட்சித் தலைவர்கள் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1951 இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். திரைப்படக் கலைஞருள் இந்தியச் சட்டமன்றம் ஒன்றில் முதன்முதல் இடம் பெற்றவர் அவரே என்பர்.

பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் 1953 இல் 'ஒளவையார்' வந்தது. எஸ். எஸ். வாசன் தயாரித்தார்; கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இப்படத்தைப் பற்றி இராஜாஜி அவர்கள் தமது நாட்குறிப்பிலே, இடியும் மழையும் வெள்ளமும் யானைக் கூட்டமும் அட்டைக் கோட்டைகள் இடிந்து விழுவதும் மிகுதி என்றும், சண்முகத்தின் நாடகம் இதனினும் மிக மேலானது என்றும் குறித்து வைத்தார். யானைகளைப் பற்றி இராஜாஜி எழுதியதை நாமும் ஒப்புக்கொள்வோம். வாசன் அவர்களுக்கு யானை என்றால் ஒரு பலவீனம் உண்டு. ஆனால் யானைகள் போன பிறகு திரையிலே தனித்து நின்று ஓர் அம்மையார் பாடுகின்றாரே, அங்கே நந்தனாரில் தோற்றவை எல்லாம் வெற்றியாக மாறிவிட்டன. ஒளவையார் ஓரிடத்துக்கும் உரியவர் அல்லர். நடந்து வருகின்றார், வழியிலே நிற்கின்றார், கூட்டத்தை நோக்கிப் பாடுகின்றார், போகின்றார். அரசவையாயினும் தெருத்திண்ணையாயினும் அவருக்கு எதிரே ஒரு சபை இருக்கின்றது. சபையைப் பார்த்துப் பாடுவது கொட்டகை நடிகையின் பிறப்புரிமை. அங்கே குரலை அடக்க வேண்டியதில்லை, முகத்தை மறைக்க வேண்டியதில்லை, சோடியும் இல்லை. மேடைக்காரிக்கு ஏற்றவாறு திரைதான் வளைந்து கொடுத்தது. நாற்பத்தைந்தாம் வயதை எட்டிக் கொண்டிருந்த ஒருவர் மூதாட்டியாக நடித்தார் என்பதையே மக்கள் மறந்தனர். ஒளவையார் அவ்வாறே இருந்திருப்பார் என்று நம்பினர். இன்று ஒளவையாரை மனத்தில் எண்ணும் தமிழ்ப் பிள்ளையின் கண்முன் தோன்றுவது சுந்தராம்பாளின் முகம். சங்ககாலத்து ஒளவை வேறு, பிற்காலத்து ஒளவை வேறு என்று வகுப்பிலே ஆசிரியர் எவ்வளவு விளக்கினும் அம்முகத்தை அழித்தல் இயலாது.

அந்நாளிலே ஏனைய பாடும் நடிகரின் நிலை யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். பி. யு. சின்னப்பா 1951 இல் இறந்தார். 'ஹரிதாஸ்' முதலிய படங்களால் ஈடிணையற்று விளங்கிய எம். கே. தியாகராஜ பாகவதர், வழக்கும் சிறையும் முடிந்து வெளிவந்தபின் பழைய நிலையை அடையாமலே 1959 இல் மறைந்தார். பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்பதே வழமையாயிற்று. அழகுள்ளவன் பாடத் தேவையில்லை, பாட வல்லவன் அழகனாக இருக்கத் தேவையில்லை. தொழில் வசதிக்கு ஏற்ற ஏற்பாடே. அதனை நாம் பழிக்கவில்லை. அதன் நடுவே, தாம் நடிப்பதற்குத் தாமே பாடுவது என்னும் பழைய முறையை 1970களிலுங் கைவிடாமல் நின்றவர் சுந்தராம்பாள்.

ஆயினும் ஒளவையாரின் வெற்றியே அவருக்கு விலங்காயிற்று. அதன்பின் பதினொரு ஆண்டுகள் அவரைத் திரையிற் காணோம். பிறகு 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகியவற்றில் மீண்டும் ஒளவை. 1973 இல் காரைக்காலம்மையார். கோயில், திருநீறு, வெண்ணிற ஆடை, கையிற் கோல். 1935 முதல் நாற்பதாண்டுக் காலத்திலே அவர் நடித்த படங்கள் பத்துப் பன்னிரண்டுக்குச் சற்றே மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை அடியவர் வேடங்கள்.

அவரே விரும்பிப் பூண்ட நோன்பு அது, நாம் அதனைக் குறைசொல்லலாமா என்று சிலர் கேட்பர். நோன்பை நாம் குறைசொல்லவில்லை. காதல் நாயகியாக நடிப்பதில்லை என்பதே நோன்பு. காதலிக்கு அப்பால் பெண்ணுக்கு உலகிலே வேறு வாழ்க்கை இல்லையா? தாய் இல்லையா? அரசி இல்லையா? வழக்குரைக்கப் புறப்பட்ட கைம்பெண் இல்லையா? ஒளவையார் வெளிவந்த அடுத்த ஆண்டிலே, 1954 இல், பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' படமாக வந்தது. அதில் அரசி பத்மாவதியாக, மகனின் சங்கிலியை அறுத்தெறியச் செய்யும் தாயாக நடித்தவர் பி. கண்ணாம்பா, அவரும் மேடையிலிருந்து வந்தவரே. அத்தகைய பாத்திரம் எழுத ஆளும் இருந்தது, பார்க்கச் சனமும் இருந்தது என்பதற்கு இஃதொன்றே போதும். சுந்தராம்பாளுக்காக அப்படி ஒன்றை எழுத எவரும் நினைக்கவில்லை. கைம்பெண் ஒருத்தி துறவியைப் போல வாழ்ந்தால் அவளைக் கும்பிட்டு ஒதுக்கிவிடுவது நம் சமுதாயத்துக்குப் பழகிய வழி. சினிமாக்காரரும் நம் சமுதாயத்தாரே. மனைவியை இழந்த நடிகர் எவரையும் பட்டினத்தாராகவே இறுதிவரை நடிக்கும்படி யாருங் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு முறை கதவு சற்றுத் திறந்தது. அது 1964 இல் வந்த 'பூம்புகார்'. மு. கருணாநிதி அவர்களின் எழுத்து. எஸ். எஸ். இராசேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி, கவுந்தியடிகள் நம் அம்மையார். எழுதியவர் பகுத்தறிவுக் கட்சியார், நடிப்பவர் காங்கிரஸ் பக்தையும் முருக பக்தையும். இருவரும் எவ்வாறு ஒத்துப்போவர் என்று அக்காலத்திலே பலர் வேடிக்கை பார்த்திருந்தனர். ஒரு பாட்டிலே தெய்வம் எங்கே போயிற்று என்னும் பொருள்பட வந்த தொடரைப் பாட அவர் மறுத்தார் என்றும், தெய்வம் வந்துவிட்டது என்று பொருள் மாறும்படி சொல்லைத் திருத்திய பின்னரே பாடினார் என்றும் கூறுவர். இதனை அவருடைய பக்திக்குச் சான்றாக எடுத்துக் காட்டுவது வழக்கம். நாம் வேறொன்றையும் அதிலே காண்கின்றோம். தாம் உச்சரிக்கப் போகுஞ் சொல்லின் பொருளைத் தாமே நிறுத்துப் பார்த்து, எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும் மறுத்துரைக்க வல்ல தொழிற்பெருமை அது. ஸ்பெஷல் நாடகத்திலே எதிராளியின் கேள்வியை அப்படியே விழுங்காமல் நின்று பழகியவரின் மிடுக்கு.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் சமணத் துறவி. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்திச் சென்று, மாதரியிடம் ஒப்படைத்தவர். கோவலன் கொலையுண்டான் என்று கேட்டபின் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தவர். அருள் வாக்குச் சொல்லி மறைந்து போகின்ற அடியவர் அல்லர் அவர்; தாம் செய்த நன்மையே தீமையாய் முடிந்ததைக் கண்டு நிற்கும் மனிதப் பிறவி. இப்படத்திலே அம்மையாரின் முகத்தை மாணவர்கள் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகின்றோம். முற்பகுதியிலே வழிப்பயணத்திற் பாடும்போது இருக்கும் தெளிவு வேறு. மதுரையிலே அநீதியைக் கண்டபின் எழும் குரல் வேறு. பின்னதில் இனிமை குறைவு. கோபமும் குற்றவுணர்ச்சியும் குரலைச் சற்றே கரகரக்கச் செய்கின்றன. சங்கீத இரசிகர் சிலர் அதனைக் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கு எமது அனுதாபம். அங்கே பாடகி நடிகைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவர் நடிப்பாற்றலுக்கு ஏற்ற தீனி கிடைத்த இடம் திரையில் அதுவே என்பது எமது துணிபு. ஐம்பத்தைந்து வயதில், நான்காவது படத்தில், அது கிடைத்தது!

நமது கல்லூரியின் நாடக மன்றத்தாரும் இசை மன்றத்தாரும் ஆண்டுதோறும் தனித்தனியே விழா எடுக்கின்றனர். நடிப்பவன் பாடுவதில்லை, பாடுபவன் அசைவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் ஒரு நாடகத்தையாவது, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, நம் பெரிய மண்டபத்திலே மாணவர் பாடி நடிக்கட்டும். முதல் இரண்டு வருடம் தொண்டை கட்டும், பரவாயில்லை. கடைசி வரிசையிலே பழைய மாணவர்கள் இருந்து, சொல் விழாத இடத்திற் கூச்சலிடும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். அப்பணிக்கு எம்மிடையே ஆட்பஞ்சம் இராது.

அம்மையாருக்கு 1966 இல் தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது. 1970 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1980 இலே காலமானார். இவற்றின் இடையே 1969 ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதும் ஒன்று உண்டு. 'துணைவன்' படத்துக்காகக் கிடைத்தது. அந்த விருதின் பெயர் சிறந்த பின்னணிப் பாடகி என்பது. 'துணைவன்' படத்திலே அவர் எவருடைய முகத்துக்கும் பின்னால் நின்று பாடவில்லை. காமிராவின் முன்னே தாமே நின்று, தம் பாட்டைத் தாமே நடித்தார். பாடி நடிப்பவருக்கென்று ஒரு விருது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.